வரைபடத்தில் கோடு விழும் முன்பே இளையோரை அழையுங்கள்: சிறுநகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெருநகரங்களின் நெரிசலைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஏராளமானோர் இருக்கிறார்கள். இருபதாயிரம் பேரோ ஐம்பதாயிரம் பேரோ ஒரு லட்சம் பேரோ வாழும் ஊர்களின் மன்றங்களில் என்ன முடிவாகிறது என்பதை ஊர்க்காரர்களே பல நேரங்களில் கவனிப்பதில்லை. ஆனால் ஓர் ஊர் சிறியதாக இருக்கும்போது எடுக்கப்படும் முடிவுகள்தாம் அது வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பெருநகரம் தன் பழைய பிழையைத் திருத்த மெட்ரோ ரயில் கட்டலாம், சுரங்கப்பாதை தோண்டலாம், தேசிய அரசிடமோ மாநில அரசிடமோ பெருந்தொகை கேட்டுப் பெறலாம். சிறுநகரத்துக்கு அந்த வழிகள் பெரும்பாலும் கிடையாது. ஒருமுறை போட்ட சாலையோடும் ஒருமுறை அனுமதித்த குடியிருப்போடும் அது பல பத்தாண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். அந்தப் பத்தாண்டுகளில் அங்கே வாழப்போகிறவர்களைக் கேட்டு முடிவெடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நகரமன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் கண்ணில் படும். ஊரின் எல்லையில் புதிய மனைப்பிரிவுக்கு அனுமதி என்பது ஒரு பொருள். அது நகரமைப்புக் குழுவின் வேலை. பிரதான சாலையை அகலப்படுத்துவதற்கான மதிப்பீடு வேறொரு பொருள். அது பொறியியல் பிரிவிலிருந்து வரும். இளைஞர்களுக்கான நிகழ்ச்சி மூன்றாவது பொருள். அதற்குப் பெரும்பாலும் ஒரு விழாவும் சிறு நிதி ஒதுக்கீடும் கிடைக்கும். மூன்றும் வெவ்வேறு மேசைகளிலிருந்து வந்து வெவ்வேறு கோப்புகளுக்குள் போய்விடுகின்றன. எல்லையில் அனுமதிக்கப்படும் அந்த மனைப்பிரிவுதான் ஐந்தாண்டு கழித்து பிரதான சாலையில் வண்டிகளாக வந்து நிற்கப்போகிறது. அந்தச் சாலையைக் கடந்துதான் இன்றைய பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கும், பிறகு வேலைக்கும் போகப்போகிறது. ஆகவே இவற்றை ஒரே முடிவாக எண்ணி, ஒரே மேசையில் வைத்து, அந்தப் பிள்ளையும் உட்கார இடம் தந்து விவாதிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். ஊர் வளர்வதை நான் எதிர்க்கவில்லை. இளையவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க வீடு வேண்டும், வேலை வேண்டும், அவை கட்டுப்படியாகும் விலையில் வேண்டும். ஆனால் எங்கே வளர்கிறது என்பதைக் கேட்காமல், எத்தனை வீடு வருகிறது என்பதை மட்டும் கேட்டு அனுமதி தரும்போது, மன்றம் தன்னை அறியாமலே ஒரு நீண்டகாலக் கடனில் கையெழுத்திடுகிறது. சந்தையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஒரு வாசலோடு, பள்ளியோ கடையோ இல்லாமல் எழும் குடியிருப்பில் ஒவ்வொரு தேவைக்கும் வண்டி எடுத்தாக வேண்டும். அங்கே போகும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை வண்டி ஆகிய அனைத்தும் வீடு ஒன்றுக்கு இத்தனை மீட்டர் என்று நீண்டுகொண்டே போகும். முதல் முறை அவற்றைப் போடும் செலவை மனை விற்பவர் ஏற்றிருக்கலாம். இருபது ஆண்டு கழித்து தார்ச்சாலையைப் புதுப்பிக்கும் செலவும், அதற்கும் பிறகு குழாய்களை மாற்றும் செலவும் நகரமன்றத்தின் தலையில்தான் விழும். அப்போது வரி கட்டப்போகிறவர்கள் இன்று வாக்களிக்கும் வயதைக்கூட எட்டாதவர்கள்.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தின் ஹவுடன் என்னும் ஊரைச் சொல்லலாம். உட்ரெக்ட் நகரின் அருகே, 1970-களுக்கு முன் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த கிராமம் அது. இன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கிறார்கள். வளரப்போகிறோம் என்று தெரிந்த பிறகு, வளர்வதற்கு முன்பே அவர்கள் ஒரு விதியை வகுத்துக்கொண்டார்கள். கார்கள் ஊரைச் சுற்றியுள்ள வட்டச்சாலை வழியாகத்தான் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக முடியும். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் ஊரின் நடுவாக நேர்வழியில் ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் போகலாம். எந்த வண்டிக்கும் தடையில்லை, எந்த வீட்டு வாசலுக்கும் கார் போகும். குறுக்கு வழி யாருக்கு, சுற்று வழி யாருக்கு என்பதை மட்டும் அவர்கள் முதலிலேயே முடிவு செய்தார்கள். ஊர் கட்டி முடிந்த பிறகு இதே முடிவை எடுக்க முயன்றிருந்தால் எத்தனை வழக்குகள், எத்தனை நில எடுப்புகள் தேவைப்பட்டிருக்கும் என்பதை உங்கள் பொறியாளர்களே சொல்வார்கள்.

இனி சாலை விரிவாக்கத்துக்கு வருகிறேன். மன்றங்களில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் தீர்மானங்களில் இது முதன்மையானது. நெரிசல் இருக்கிறது, ஆகவே சாலையை அகலமாக்குவோம் என்பது கேட்டவுடன் சரியாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே என்னும் நெடுஞ்சாலை 2008-ஆம் ஆண்டுவாக்கில் விரிவாக்கப்பட்டு, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை கொண்டதாக மாறியது. 2011-க்கும் 2014-க்கும் இடையே அதே சாலையில் மாலை நெரிசல் நேரப் பயணம் 50 சதவீதத்துக்கும் மேல் நீண்டது. இது ஏதோ ஓர் ஊரின் துரதிர்ஷ்டம் அன்று. கில்ஸ் டுரான்டன், மேத்யூ டர்னர் என்னும் இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, அநேகமாக அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது. முன்பு நெரிசலுக்கு அஞ்சி வேறு நேரத்தில் போனவரும், பேருந்தில் போனவரும், போகாமலே இருந்தவரும் அகலமான சாலையைக் கண்டதும் வண்டியோடு வந்துவிடுகிறார்கள். அதற்குள் நடைபாதையும் நிழல்மரங்களும் போயிருக்கும். அவை திரும்பி வருவதில்லை.

இதில் அளவுகோலின் பங்கையும் சொல்லியாக வேண்டும். போக்குவரத்து அறிக்கைகளில் சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரமிடும் முறை ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. வண்டி எத்தனை நொடி காத்திருக்கிறது என்பதைக் கொண்டே சந்திப்புக்கு மதிப்பெண் தரப்படுகிறது. சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் மாணவியின் நொடிகள் அந்தத் தரத்தில் சேர்வதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றி, 2020 ஜூலை முதல், புதிய கட்டுமானங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட இந்தத் தாமதக் கணக்கைப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. அந்தக் கட்டுமானத்தால் வண்டிகள் மொத்தமாக எத்தனை தூரம் கூடுதலாக ஓடும் என்பதை இப்போது கணக்கிடுகிறது. உங்கள் முன் வைக்கப்படும் அறிக்கையில் எது எண்ணப்பட்டிருக்கிறது, எது எண்ணப்படவில்லை என்பதைக் கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு உறுப்பினர் கையை உயர்த்திக் கேட்டால் போதும்.

புறவழிச்சாலை குறித்தும் சுருக்கமாக ஒன்று. கனரக வண்டிகளை ஊருக்கு வெளியே அனுப்ப அது பயனுள்ளதே. ஆனால் அதன் இருபுறமும் கடைகளுக்கும் மனைகளுக்கும் அனுமதி வழங்கிவிட்டால், அதுவே சில ஆண்டுகளில் ஊரின் இரண்டாவது கடைத்தெருவாகி, அதற்கு மேலும் ஒரு புறவழிச்சாலை கேட்கும் நிலை வருகிறது.

சிறுநகரத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. அதற்காகவே ஸ்பெயின் நாட்டின் பொன்டெவெத்ராவைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மக்கள்தொகை ஏறத்தாழ 83,000. மிகேல் அன்ஷோ ஃபெர்னாண்டெஸ் லோரெஸ் என்னும் மருத்துவர் 1999-இல் அங்கே மேயரானபோது, ஊரில் வாழும் மனிதர்களைவிட ஒரு நாளில் ஊருக்குள் வந்துபோகும் வண்டிகள் அதிகம் என்னும் நிலை இருந்தது. அவர் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே பழைய நகரப்பகுதியில் மூன்று லட்சம் சதுர மீட்டர் பரப்பை நடப்பவர்களுக்கு ஒப்படைத்தார்கள். சும்மா சுற்றிச்செல்லும் வண்டிகளையும், நிறுத்த இடம் தேடி அலையும் வண்டிகளையும் தடுத்தார்கள். அங்கே வசிப்பவர்களின் வண்டிகளுக்கும் சரக்கு இறக்கும் வண்டிகளுக்கும் வழி விட்டார்கள். ஊரின் ஓரங்களில் இலவச வாகன நிறுத்தங்கள் அமைத்து, அங்கிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதை மெட்ரோ ரயில் வரைபடம் போலவே வண்ணக் கோடுகளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். மெட்ரோ ரயிலே இல்லாத ஊரின் மெட்ரோ வரைபடம் அது. நடைதான் அங்கே மெட்ரோ.

அதன் விளைவைச் சொல்ல ஒரு கணக்கு போதும். 1996 முதல் 2006 வரை 30 பேர் விபத்தில் இறந்த அதே தெருக்களில் அடுத்த பத்தாண்டில் இறந்தவர்கள் மூவர். கடைக்காரர்கள் தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த அச்சத்தை எள்ளளவும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, ஏனெனில் ஒரு மாதம் வியாபாரம் நின்றால் சிறு கடை மூடிவிடும். ஆனால் மற்ற சிற்றூர்கள் ஆள் இழந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஊரின் நடுப்பகுதிக்கு மக்கள் குடிவந்தார்கள். அதே மேயரை வாக்காளர்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலை எண்ணித் தயங்கும் உறுப்பினர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பொன்டெவெத்ரா செய்த அளவுக்குச் செய்ய மனமோ நிதியோ இல்லாத மன்றமும் ஒரு தெருமுனையில் தொடங்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோகன் என்னும், ஏறத்தாழ 60,000 பேர் நெருக்கமாக வாழும் சிறுநகரம், 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேலாகச் சாலை விபத்தில் ஒரு மரணம்கூட இல்லாமல் கடந்தது. அவர்கள் செய்தவற்றில் முதன்மையானது மிக எளிமையானது: தெருமுனையை ஒட்டி வண்டி நிறுத்துவதைத் தடுத்து, அந்த இடத்தில் கம்பங்களும் செடித்தொட்டிகளும் சைக்கிள் நிறுத்தங்களும் வைத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் நின்று பார்த்தால்தான் இதன் பயன் விளங்கும். முனையில் ஒரு வேன் நிற்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு வேனின் பக்கவாட்டுத் தகடு மட்டுமே தெரிகிறது. வருகிற வண்டியைப் பார்க்க இரண்டடி சாலைக்குள் எட்டிவைத்தாக வேண்டும். வண்டி ஓட்டி வருபவருக்கும் அந்தப் பிள்ளை இரண்டடி எட்டிவைத்த பிறகுதான் தெரியும். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. தவறு அந்த வேன் நிற்க இடம் விட்ட தெருவமைப்பில் இருக்கிறது.

வேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக் மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாலும், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியிலேயே 13.9 மீட்டர் கடந்துவிடுகிறார். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. பள்ளி இருக்கும் தெருவில் வேக வரம்பு 50 ஆக இருக்கட்டும் என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு மன்றமும் இந்தக் கணக்கைத் தெரிந்தே தீர்மானிக்க வேண்டும். வெறும் பலகை வைத்தால் வேகம் குறையாது என்பதும் உண்மை. தடத்தைக் குறுக்குவதும், கடக்கும் இடத்தைச் சாலை மட்டத்திலிருந்து உயர்த்துவதும், சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா அமைப்பதும் வேகத்தைத் தாமாகவே குறைக்கின்றன. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கார்மெல் நகரம் 1990-களிலிருந்து இன்றுவரை 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களை அமைத்திருக்கிறது. மின்சாரம் நின்றாலும் அவை வேலை செய்கின்றன.

ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். அவசர வண்டிகளுக்காகத் தாழ்த்தக்கூடிய கம்பங்களும், ஏறிக் கடக்கக்கூடிய தாழ்ந்த விளிம்புகளும் பல நகரங்களில் பயன்பாட்டில் உள்ளன. அவசர வண்டியை உண்மையில் தடுத்து நிறுத்துவது அதன் முன்னே அசையாமல் நிற்கும் மற்ற வண்டிகளின் வரிசை. சுற்றுப்புற ஊர்களிலிருந்து வண்டியில்லாமல் வரமுடியாதவர்கள் இருக்கிறார்கள், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அவர்களுக்கான இடத்தை முதலில் ஒதுக்குங்கள். தேவையில்லாத பயணம் குறைந்தால் தேவையுள்ள வண்டிக்கு இடம் கிடைக்கும்.

இப்போது இம்மடலின் மையத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்ன எதிலும் இளையவர்கள் வெறும் பயனாளிகள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி சாலை விபத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணமே அதுதான். அந்த வயதில் எந்த ஒரு தனி நோயும் போரும் பறிப்பதைவிட அதிகமான பிள்ளைகளையும் இளைஞர்களையும் சாலைகள் பறிக்கின்றன. அதே வயதினர்தாம் ஊரில் அதிகம் நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். எந்த முனையில் வண்டிகள் வேகமாகத் திரும்புகின்றன, எந்தத் தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை, எந்தச் சந்து வழியே இருட்டிய பின் பெண்பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். காரின் கண்ணாடி வழியே ஊரைப் பார்ப்பவர்களுக்கு, அவர்கள் எவ்வளவு நல்லெண்ணம் உடையவர்களாக இருந்தாலும், இது தெரியாது. மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் ஊரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தத் துணை உங்களுக்குத் தேவை என்கிறேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறோமே, வராமல் இருப்பது அவர்கள்தானே என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் உள்ளே ஒருமுறை பாருங்கள். வேலைநாள் பிற்பகலில் வைத்தால் மாணவர்கள் வகுப்பில் இருப்பார்கள். இரவில் வைத்தால், பன்னிரண்டாவது பொருளாக வரும் சாலைத் திட்டத்துக்காக, மறுநாள் தேர்வு இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பெண் முதல் பதினொரு பொருள்களையும் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் முறை வரும்போது மூன்று நிமிடம் தருவார்கள். அவள் கையில் இருக்கும் அறிக்கை இருநூறு பக்கம், அதன் வரைபடம் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்பட்டது, அதில் அவளுடைய பள்ளி எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. அவள் பேசி முடித்ததும் தலைவர் நன்றி சொல்வார். பிறகு மாலையே தயாராக வைத்திருந்த தீர்மானம் ஒரு சொல்லும் மாறாமல் நிறைவேறும். அடுத்த கூட்டத்துக்கு அவள் வராமல் போனால் அதை அக்கறையின்மை என்று யாரும் சொல்லக் கூடாது.

1989-இல் ஏற்கப்பட்ட குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்பதோடு, அந்தக் கருத்துக்கு அவர்களின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது பகுதியைத்தான் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ராஜர் ஹார்ட் என்னும் ஆய்வாளர் யுனிசெஃபுக்காக 1992-இல் எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டி, கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பே அல்ல என்று ஒதுக்கினார்: பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவைப்பது, அலங்காரத்துக்காக மேடையேற்றுவது, பெயரளவுக்கு இடம் தருவது. பரிசளிப்பு விழாவுக்கும் விழிப்புணர்வு ஊர்வலத்துக்கும் மட்டும் மாணவர்களை அழைக்கும் மன்றங்கள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

உண்மையான இடம் கொடுத்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாண்டில் டகோமா பார்க் என்னும் சிற்றூர், மக்கள்தொகை ஏறத்தாழ 17,000, 2013-இல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்தது; அந்நாட்டில் முதலில் அப்படிச் செய்த ஊர் அதுவே. அந்த ஆண்டுத் தேர்தலில் பதிவு செய்திருந்த 16, 17 வயதினரில் 44 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். மொத்த வாக்குப்பதிவோ 11 சதவீதத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கையில் அவர்கள் நூற்றுக்கும் குறைவானவர்கள்தாம், ஆனால் இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு அது போதுமான மறுமொழி. ஃபின்லாந்தில் 2015-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியும் இளைஞர் மன்றமோ அதற்கு நிகரான அமைப்போ அமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தன் நகரமைப்புத் துறையில் ஊதியத்தோடு பகுதிநேரப் பணியில் அமர்த்தியது. பாஸ்டன் நகரம் 2014-இல் மூலதன நிதியிலிருந்து 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்பதை 12 முதல் 25 வயது வரையிலானவர்களின் வாக்குக்கே விட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தவற்றில் பூங்காவுக்கான நடைபாதையும் இருந்தது. பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுத்தால் விளையாட்டாகச் செலவழித்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

அனுபவமில்லாதவர்கள் முடிவெடுக்கலாமா என்பது கடைசி மறுப்பு. முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையதே, அதை யாரும் பறிக்கவில்லை. சாலைப் பொறியியலில் அனுபவம் இல்லாத உறுப்பினர்களும் பொறியாளரின் விளக்கத்தைக் கேட்டுத்தானே வாக்களிக்கிறார்கள்? அதே விளக்கத்தைப் பதினேழு வயதினருக்கும் தந்தால் அவர்களும் புரிந்துகொள்வார்கள். சில நேரம் அவர்கள் கேட்பது நடக்க முடியாததாக இருக்கும். நிதியில்லை, நிலமில்லை, சட்டம் இடம் தராது என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்ளும் பக்குவம் அவர்களிடம் உண்டு. காரணமே சொல்லாத மௌனத்தைத்தான் எந்த வயதினராலும் ஏற்க முடிவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள், மதிப்பீடு தயாரான பிறகு அழைப்பதை விட்டு, ஆலோசகருக்கு என்ன வேலை கொடுப்பது என்று எழுதும் கட்டத்திலேயே இளையோரை அழைக்க வேண்டும் என்பதே. அந்த நிலையில்தான் அகலப்படுத்துவதா, குறுக்குவதா, எல்லையில் கட்டுவதா, ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகளில் கட்டுவதா என்ற தெரிவுகள் இன்னும் திறந்திருக்கும். டெண்டர் விட்ட பிறகு நிறம் மட்டுமே தேர்ந்தெடுக்க மிஞ்சும். நகரமைப்புக் குழுவில் இளையோருக்கு இரண்டு இடமாவது ஒதுக்குங்கள். ஒருவரை மட்டும் உட்காரவைத்தால் அவர் பேசத் தயங்குவார். சட்டம் இடம் தரும் இடங்களில் அவர்களுக்கு வாக்குரிமை கொடுங்கள், இடம் தராவிட்டால் அவர்கள் கருத்து நடவடிக்கைக் குறிப்பில் முழுமையாகப் பதிவாகட்டும். அவர்கள் எழுத்தில் தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும், ஏற்கிறோம் என்றோ இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ, முப்பது நாளுக்குள் எழுத்தில் மறுமொழி தருவதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். இந்த ஒன்று இல்லாமல் மற்ற எல்லாம் பயனற்றுப் போகும் என்பது என் உறுதியான கருத்து.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களையும் பிரமுகர் வீட்டுப் பிள்ளைகளையும் மட்டும் தலைமையாசிரியர் அனுப்பிவைத்தால், ஊரின் ஒரு தெருதான் மன்றத்துக்கு வந்ததாக ஆகும். படிப்பை நிறுத்திப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர், இரவுப் பணி முடித்துக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் பெண், சக்கர நாற்காலியில் கல்லூரிக்குப் போகிறவர், எல்லையில் இருக்கும் அந்தப் புதிய குடியிருப்பில் வளரும் பிள்ளை ஆகியோர் அந்த நாற்காலிகளில் அமர வேண்டும். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் சிபாரிசுக்கு வழியில்லை. வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சிறு மதிப்பூதியமும் கொடுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து ஊருக்காக வருகிறவரிடம் இலவசச் சேவையை எதிர்பார்ப்பது முறையன்று.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் தற்காலிகமாகச் செய்து பார்க்கவும் அவர்களைத் துணைக்குக் கொள்ளலாம். ஒரு சந்திப்பில் சில மாதங்களுக்கு வண்ணப்பூச்சும் பிளாஸ்டிக் கம்பங்களும் மட்டும் வைத்து முனையைக் குறுக்குங்கள். அதற்கு முன்னும் பின்னும் வண்டிகளின் வேகத்தையும், கடப்பவர்களின் எண்ணிக்கையையும், அவர்கள் காத்திருக்கும் நொடிகளையும் மாணவர்களே எண்ணட்டும். அருகிலுள்ள கடைகளின் வியாபாரம் என்ன ஆயிற்று என்பதையும் கடைக்காரர்களிடம் அவர்களே கேட்டு எழுதட்டும். பலன் இல்லையென்றால் கம்பங்களை எடுத்துவிடலாம். அந்த எண்ணிக்கையை எடுத்த பிள்ளைகள், முடிவு எதுவானாலும், அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்களாக இருப்பார்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சாலை விரிவாக்கமோ புதிய மனைப்பிரிவோ இருக்குமானால், அந்தப் பொருளை ஒரு கூட்டம் தள்ளிவைத்து, வரைபடத்தை வண்ணத்தில், பள்ளிகளும் பேருந்து நிறுத்தங்களும் குறிக்கப்பட்ட வடிவில், அந்தச் சாலையைப் பயன்படுத்தும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்கள் வரக்கூடிய மாலை வேளையில், அதையே முதல் பொருளாக வைத்து, கூட்டத்தைக் கூட்டுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
சிறுநகரம் ஒன்றின் வாக்காளர்